மார்செய்யில் நான்கு நாள்

மார்செய்க்கு நான் இதுவரை நாலாயிரம் பேரையாவது அனுப்பியிருப்பேன். நான் போனதில்லை. இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் கைவிரித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஊரில் மழை பெய்தால் எந்தத் தெருவில் ஒதுங்கலாம், துறைமுகத்து மீன்காரிகள் காலையில் எத்தனை மணிக்குக் கூடையை இறக்குவார்கள், அக்கரைக்குப் போகும் குட்டிப் படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

கடலுக்கு இந்தப் பக்கம், எங்கள் அன்னாபாவில், பிரெஞ்சு விசா அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் என் கடை. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும், அவ்வளவுதான் அகலம். விசாவுக்குக் கேட்கும் காகிதங்களைச் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஓட்டல் பதிவு, இன்சூரன்ஸ், கப்பல் டிக்கெட், கூடவே நாள்வாரியாக ஒரு பயணத் திட்டம். மற்றதையெல்லாம் எவனும் செய்துவிடுவான். திட்டம் எழுதுவதில் இந்த ஊரில் எனக்கு ஈடாக ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

மற்றக் கடைக்காரர்கள் ஒரே திட்டத்தில் பெயரை மாற்றி மாற்றி அச்செடுத்துத் தள்ளுவார்கள். நான் ஆளைப் பார்த்து எழுதுவேன். முழங்கால் வலிக்காரர் என்றால் குன்றின் மேலிருக்கும் மாதா கோயிலுக்குப் பேருந்து. புதுமணத் தம்பதி என்றால் சூரியன் விழும் நேரத்துக்குக் கடற்கரைச் சாலை. பயணியே ஆசை ஆசையாக உட்கார்ந்து எழுதியது போல் இருக்க வேண்டும் என்பதால் என் கடைப் பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் எங்கேயும் இருக்காது. படிக்கிற அதிகாரிக்கு, இவன் போவான், சுற்றிப் பார்ப்பான், திரும்பி வந்துவிடுவான் என்று தோன்ற வேண்டும். திரும்பி வருவான் என்பதுதான் முக்கியம்.

பக்கத்துப் புகைப்படக் கடை சுபைருக்கு இதில் ஒரே நக்கல்.

"மேடம் மார்செய், நீ ராத்திரி பகலா எழுதுற, சரி. அத எவன் படிக்கிறான்? பேங்க் கணக்கப் பாப்பான், முத்திரையக் குத்துவான்."

"நீ எடுக்கற போட்டோவத்தான் எவனும் பாக்கறதில்ல. பாத்திருந்தா பாதிப் பேருக்கு விசாவே கெடச்சிருக்காது" என்று நானும் விடமாட்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம் லக்தர் வந்தார். கீழத்தெருவில் தரை ஓடுகளும் குளியலறைச் சாமான்களும் விற்பவர். ஐம்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர், கடையில் விலை பேசும்போதுகூடக் குரலை உயர்த்தாதவர். கூடவே அவருடைய தம்பி நதீர். முப்பத்து மூன்று வயது, கதவை அடைக்கிற உடம்பு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். மனசுக்கு மட்டும் ஏழெட்டு வயதுக்கு மேல் ஏறவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். அவர்களுடைய அம்மா குளிர்காலத்தில் தவறிப்போயிருந்தாள். அதுவரை அவன் அவள் கையைப் பிடித்தபடியேதான் திரிந்தான்.

"வசீலா தங்கச்சி, ரெண்டு பேருக்கு. ஜூன் மாசம், நாலு நாள். அம்மா போனதுலேந்து இவன் சரியாவே இல்ல. கொஞ்சம் ஊரக் காட்டிட்டு வரலாம்னு" என்றார் லக்தர்.

எனக்கு மனம் இளகிவிட்டது. இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் சொன்னேன். என் வாயில் மண்.

காகிதங்களுக்காக லக்தர் வங்கிக்கும் நகராட்சிக்கும் அலையும்போது நதீரை என் கடையில் விட்டுவிட்டுப் போவார். நண்பகலில் வந்து, வலிப்பு வராமலிருக்க ஒரு மாத்திரையைத் தம்பியின் நாக்கில் வைத்துத் தண்ணீரும் கொடுத்துவிட்டு மறுபடி போவார். தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள அவனுக்குத் தெரியாது. மாத்திரையைக் கையில் கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

நான் திட்டத்தை எழுத எழுத அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.

"மொத நாள் பத்து மணி, மீன் சந்தை" என்று அவன் ஒப்பிப்பான். "பதினொண்ணரை, குட்டிப் படகு. அக்கா, மீன்காரி திட்டுவாளா?"

"திட்டுவா. ஆனா பிரெஞ்சுல திட்டுவா."

"அப்பப் பரவால்ல."

சுபைர் எட்டிப் பார்த்து, "டேய் நதீரு, உன் போட்டோவ எடுக்கறேன், கொஞ்சம் சிரிக்காம இருடா. சிரிச்சா விசா இல்ல" என்பான். நதீரால் முடியாது. ஒன்பது முறை எடுத்தும் எல்லாவற்றிலும் பல் தெரிந்தது. பத்தாவது முறை சுபைர், "உங்க அம்மா எங்கடா?" என்று கேட்டுவிட்டான். அந்தப் படம்தான் சரியாக வந்தது. கேட்டதற்கு அன்று முழுக்கச் சுபைர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

முதல் உறுத்தல் டிக்கெட்டில் வந்தது. திரும்பி வரும் டிக்கெட்டில் ஒன்றை மட்டும் பின்னால் ரத்து செய்ய முடியுமா என்று லக்தர் கேட்டார். யாருடையதை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஓட்டல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். அங்கே போலீஸ்காரர்களுக்கு அரபி தெரியுமா என்று கேட்டார். பிறகு பேச்சோடு பேச்சாக, தரையைப் பார்த்தபடி:

"ஏன் தங்கச்சி, அங்க இவன மாதிரி ஆளுங்களுக்கு அரசாங்கமே வீடு வச்சிருக்காமே? தனி ரூமு, தோட்டம், நேரத்துக்கு மருந்து எல்லாம்?"

"அங்க உள்ளவங்களுக்கு இருக்கும்ணே."

"கேக்க யாரும் இல்லாத ஆளுன்னா? வெளியிலயா வுட்ருவாங்க?"

நான் அச்சு இயந்திரத்தில் காகிதம் வைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இன்சூரன்ஸ் படிவம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு. லக்தர் பெயருக்கு அவர் மனைவி சபீஹாவின் எண்ணைச் சொன்னார். நதீருக்கு?

"அது காலியாவே இருக்கட்டும்."

"காலியா விடக் கூடாதுண்ணே."

"அப்ப சபீஹா நம்பர்ல ஒரு எண்ண மாத்தி எழுதுங்க."

பிறகு மருந்துச் சீட்டை நீட்டினார், பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொல்லி. நான்கு நாள் பயணத்துக்கு மூன்று மாத மாத்திரை எழுதி வாங்கியிருந்தார். அந்தச் சீட்டைப் பார்த்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. போவது இரண்டு பேர், வருவது ஒருவர்.

நதீர் வாசலில் நின்று போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "அண்ணே, மூணு மாசத்துக்கு எதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அம்மா இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல தங்கச்சி. இப்ப அவனக் குளிப்பாட்டறது நான், துணி மாத்தறது நான். ராத்திரி அவனுக்கு வலிப்பு வருமேன்னு முழிச்சே கெடக்கறேன். போன மாசம் எம் பொண்ணப் பாக்க வந்தவங்க இவனப் பாத்துட்டு காப்பியக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. சபீஹா சொல்லிட்டா, அவனா நானான்னு. நான் கெட்டவன் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்க நல்லாப் பாத்துப்பாங்க. இங்க யாரு பாக்கறா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'பாவி, பெற்றவள் இருந்திருந்தால் உன்னைச் செருப்பால் அடித்திருப்பாள்' என்று சொல்லியிருக்க வேண்டும். பள்ளிவாசல் இமாமிடம் ஓடியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் சுபைரிடமாவது சொல்லியிருக்க வேண்டும், அவன் ஒரே நாளில் ஊரைக் கூட்டியிருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் குடும்பத்தில் தலையிட்டால் நாளைக்கு எவன் என் கடைப் படியேறுவான் என்று நினைத்தேன். காகிதத்தில் வந்ததைக் காகிதத்திலேயே முடித்துவிடலாம் என்று என் புத்தி சொன்னது. அந்தப் புத்தியைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

திட்டத்தில் முதல் மூன்று நாள் எழுதி முடித்திருந்தேன். நான்காம் நாளை அன்றைக்கு உட்கார்ந்து மாற்றினேன். மார்செய்யை ஒரு முறை பார்த்தவன்கூடப் படித்ததும் சிரிக்க வேண்டும், இது போலி விண்ணப்பம் என்று தூக்கிப் போட வேண்டும். விசா கிடைக்காது, பயணம் இல்லை, நதீர் இங்கேயே இருப்பான். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"நான்காம் நாள், காலை ஒன்பது மணி: ரயில் நிலையப் படிக்கட்டின் கீழிருந்து பன்னிரண்டாம் எண் டிராம், கடைசி நிறுத்தம்வரை. ஆரஞ்சுத் தோட்டம். நடுவில் பெரிய நீரூற்று, சுற்றிலும் நிழல், பழங்களைப் பறித்துச் சாப்பிட அனுமதி உண்டு. மாலைவரை அங்கேயே ஓய்வு."

பன்னிரண்டாம் எண் டிராம் அந்த ஊரில் இல்லை. அந்தத் தோட்டமும் இல்லை. நாலாயிரம் திட்டங்களில் நான் எழுதிய முதல் பொய் அதுதான், அதனாலோ என்னவோ மற்ற எல்லாவற்றையும்விட அழகாக வந்துவிட்டது.

வாசித்துக் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் நதீர் விடவில்லை. "நாலாம் நாள் எங்க? நாலாம் நாள் எங்க?" என்று நச்சரித்துவிட்டான். வாசித்ததும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"பறிச்சா அடிக்க மாட்டாங்களா?"

"அடிக்க மாட்டாங்க."

"எத்தன பறிக்கலாம்?"

"எத்தன வேணா."

அதற்குப் பிறகு அவனுக்கு மீன்காரி மறந்துபோனாள், படகு மறந்துபோயிற்று. தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திப் பன்னிரண்டாம் எண் டிராமைப் பற்றிச் சொன்னான். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைக்கப்போவதில்லையே, பாவம், ஏமாந்துபோவானே என்று அதற்குத்தான் வருத்தப்பட்டேன்.

பன்னிரண்டே நாளில் விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

லக்தர் பாஸ்போர்ட்டுகளைத் திறந்து காட்டினார். ஒட்டியிருந்த தாளை விரலால் தடவிப் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை. பன்னிரண்டாம் எண் டிராமை ஒருவன்கூடப் படிக்கவில்லை. இருபது வருடமாக நான் எழுதி எழுதிக் கொடுத்ததையும் எவனும் படித்திருக்க மாட்டான். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்தில் எனக்கு முதலில் வலித்தது இதுதான். நதீர் பிறகுதான் நினைவுக்கு வந்தான்.

"உங்க கை ராசிக் கை" என்றார் லக்தர். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கிடைக்காமல் போனால் நல்லது என்று அவரும் எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருப்பார் போல.

அப்போதும் நேரம் இருந்தது. கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. நான்காம் நாள் பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் எழுதினாய் என்று கேட்பார். வசீலா வேண்டுமென்றே விண்ணப்பத்தைக் கெடுத்தாள் என்று ஒரு பேச்சு வெளியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அங்கே போய் அந்தத் தோட்டத்தைத் தேடுவார்கள், கிடைக்காது, துறைமுகத்துக்குப் போய் உட்கார்வார்கள், அதனால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். லக்தர் மனம் மாறிவிடுவார் என்றும் சொல்லிக்கொண்டேன். நதீரோடு மூன்று நாள் ஒரே அறையில் இருந்துவிட்டு யாரால் அவனை விட்டுவர முடியும்?

போகிற அன்று நதீர் கடை வாசலுக்கு வந்து கையை ஆட்டினான். "அக்கா, ஒனக்கு ரெண்டு ஆரஞ்சு கொண்டாறேன்."

"எனக்கு மூணு" என்றான் சுபைர்.

"ஒனக்கு ஒண்ணுதான். நீ எங்கம்மாவப் பத்திக் கேட்ட."

அந்த நான்கு நாளும் நான் யாருக்கும் ஒழுங்காக எழுதிக்கொடுக்கவில்லை. காலை பத்து மணி ஆனால் மீன் சந்தை என்று மனம் சொல்லும். பதினொன்றரை ஆனால் குட்டிப் படகு. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கடைக் கதவைத் திறந்தவள் திறந்த கையோடு அப்படியே நின்றேன்.

கப்பல் வந்து சேர்ந்ததற்கு மறுநாள் லக்தர் வந்தார். தனியாக வந்தார். சவரம் செய்யாத முகம், போன அன்று போட்டிருந்த அதே சட்டை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரு போன் பண்ணிக் குடுக்கணும்."

"நதீரு எங்கண்ணே?"

"வீட்ல, கூட்டத்துல தொலஞ்சிட்டான்னு சொல்லியிருக்கேன். சபீஹா ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்த கேக்கல." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மூணு நாளும் எனக்குக் கை வரல. மீன் சந்தைல விட்டுரலாம்னு பாத்தேன், கையப் புடிச்சிக்கிட்டான். படகுல சிரிச்சிக்கிட்டே இருந்தான். அப்பறம் நீங்க எழுதினதப் பாத்தேன். நாலாம் நாளு. எல்லாத்துலயும் அதுதான் நல்ல எடமா இருந்துச்சு. நெழலு, தண்ணி, பழம். சாயங்காலம் வரைக்கும் பசிக்காது. பூட்ற நேரத்துல காவக்காரன் பாப்பான், கேப்பான், போலீசக் கூப்புடுவான். தெருவுல விட்ட மாதிரி இருக்காதுல்ல?"

நான் தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"ரயிலடிப் படிக்கட்டுல நிறுத்தி, நீ முன்னால போ, நான் ரொட்டி வாங்கிட்டு வரேன்னேன். வழக்கமா ஒரு அடி தனியா போகமாட்டான். அன்னிக்குப் போனான். பன்னெண்டு, கடைசி நிறுத்தம், பன்னெண்டு, கடைசி நிறுத்தம்னு சொல்லிக்கிட்டே போனான். திரும்பிக்கூடப் பாக்கல." இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "கப்பல்ல ஏறினதுலேந்து எனக்கு மூச்சு வரல. அந்தத் தோட்டத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்க. அவன யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு மட்டும் கேளுங்க. நான் போய்த் திருப்பிக் கூட்டிட்டு வந்துடறேன். சபீஹா போறதுன்னா போகட்டும்."

அவனைத் தனியே விட்டு மூன்று நாள் ஆகிவிட்டது. அவன் பையில் மூன்று மாத மாத்திரை இருக்கிறது, நாக்கில் வைக்க ஆள் இல்லை.

மார்செய் போலீசின் எண் எனக்கு மனப்பாடம். எல்லாத் திட்டத்தின் கடைசி வரியிலும் அதை எழுதுவேன். நதீரின் திட்டத்திலும் எழுதியிருந்தேன். எண்ணை அழுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டேன். லக்தருக்குக் கடையில் சரக்கு வாங்கும் அளவுக்குப் பிரெஞ்சு தெரியும். ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண், அவசரப்படாமல் பேசினாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், உடம்பு அடையாளம் கேட்டாள். இன்றுவரை அப்படி யாரையும் கொண்டுவரவில்லை, மருத்துவமனைகளையும் விசாரிக்கிறேன் என்றாள்.

"கடைசியா எங்க போறதாச் சொன்னாரு? அது தெரிஞ்சா அந்தப் பக்கம் வண்டிய அனுப்பலாம்."

லக்தர் முந்திக்கொண்டு தப்பும் தவறுமான பிரெஞ்சில் சொன்னார்: "ஆரஞ்சுத் தோட்டம். டிராம் பன்னிரண்டு."

சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படி ஒரு தோட்டம் எங்க ஊர்ல இல்லீங்களே. அந்த எண்ல டிராமும் இல்ல. யாருங்க உங்களுக்கு இதச் சொன்னது?"

லக்தர் என்னைப் பார்த்தார். தவறாகக் கேட்டுவிட்டாள், நீ சரியாகச் சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தார். நான் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.